அம்பும் வினாவும்



நோய் யாது, காரணம் யாது, தீருமா, தீர்க்கும் வழி யாது என ஆராய்தல் மருத்துவர் கடன். பகவான் புத்தர் அருளிய நான்கு வாய்மைகளும் இம்முறையிலேயே அமைந்துள்ளன. நோயை அறியுமுன் மருந்தை நாடுதல் தம்ம நெறியன்று.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் தறி நெய்வோரும் ரப்பர் பால் வெட்டுவோரும் முதுகு நோவைப் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய ஒருவருக்கு நோவு மாதக்கணக்கில் நீடித்து, ஸ்கேன் படத்தில் முதுகெலும்பை ஒட்டி ஒரு கட்டி தென்பட்டது எனக் கொள்வோம். வீட்டில் முதலில் எழும் வினா எது? எப்பிறவியின் பாவம் இது என்பதன்றோ!

மோலிய சீவகன் என்னும் துறவி இவ்வினாவையே ததாகதரிடம் எழுப்பினான். பித்தம், சிலேத்துமம், வாதம், அவற்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைப் பேணாமை, வெளித்தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைக் காட்டி, அனைத்தையும் முன்வினைமேல் ஏற்றுவது தவறு என ததாகதர் தெளிவித்தார். ஆதலின் நோயாளியைப் பாவி எனச் சுட்டும் நாவு, தம்மம் அறியாத நாவாகும்.

அம்பு தைத்தவன், எய்தவன் குலத்தையும் வில்லின் நாணையும் விசாரித்துக் கொண்டிருந்தால் மாண்டுபோவான் என்னும் உவமையை யாவரும் அறிவோம். இதனைக் கொண்டு, சோதனை எதற்கு, மருந்து கொடுத்தால் போதாதா என்பாரும் உளர். வில்லைப் பற்றிய வினா வீண். காயத்தைப் பற்றிய வினா வீணன்று. அம்பு தைத்த ஆழம் அறியாமல் இழுப்பவன் உயிரையும் சேர்த்து இழுத்துவிடுவான்.

முதுகுத்தண்டுக் கட்டி, காசநோய்ச் சீழாக இருக்கலாம், நரம்புறையில் எழுந்த தீங்கற்ற கட்டியாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். படத்தில் ஒன்றுபோல் தோன்றினும் சிகிச்சை வேறு வேறு. காசநோயாயின் பெரும்பாலும் மாதக்கணக்கில் உண்ணும் மாத்திரைகளாலேயே குணமாகும். இதனை அறியவே ஊசியால் சிறு துணுக்கெடுத்துச் சோதிக்கின்றனர். வர்ம ஆசானின் கை சுளுக்கை அறியும். எலும்பினுள் உள்ளதை அறியாது. கட்டி இன்னதென்று தெளியுமுன் தடவுதலும் திருகுதலும் ஆகா. கால் வலுவிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ அன்றே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நோய் அவ்வெல்லையை அறியாது. ஒருபுறம் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரியும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும், 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன; மறுபுறம் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

முடிவு தெரியாமல் காத்திருக்கும் நாட்களே மிகக் கொடியவை. உடல் நோயுறினும் உள்ளம் நோயுறாதிருக்கப் பழகுக என முதியவராகிய நகுலபிதாவுக்கு அருளினார் பகவான். ஆயின் கேட்பாரற்றுக் கிடந்த பிக்குவுக்கு அவர் உபதேசம் செய்யவில்லை. ஆனந்தரோடு சேர்ந்து தம் கையாலேயே நீராட்டினார். நாமும் நோயாளிக்கு அறிவுரை கூறுமுன் அவரோடு பேருந்தில் ஏறுவோம். சீட்டைக் கையிற் பிடித்து அவருக்காக வரிசையில் நிற்போம். அதுவே மெத்தை, அதுவே கருணை.

எல்லா உயிர்களும் நலமுறுக!