படிவத்துக்குள் அடங்காத ‘வாங்கோ’

வாடிக்கையாளர்போல் கடைக்குள் நுழைந்து, அங்குள்ள சேவையைக் கவனித்து அறிக்கை எழுதிக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். ஆளை அனுப்பும் நிறுவனங்கள் சில கேட்பதைப் பார்த்தால் தலை சுற்றும். எத்தனை நொடியில் வணக்கம் சொன்னார்? எழுதிக்கொடுத்த வாசகத்தை அப்படியே சொன்னாரா? சட்டையில் குத்தியிருந்த பெயர் என்ன? எல்லாவற்றையும் ஒரு படிவத்தில் பிசகாமல் குறிக்கவேண்டும். ஆனால் கையில் தாளும் பேனையும் தெரியக்கூடாது!

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் “வாங்கோ, இருங்கோ” என்று கதிரையை இழுத்துப்போடும் கடைக்காரர் அந்தப் படிவத்தில் தோற்றுப்போவார். பாடமாக்கிய வாசகத்தைச் சுவரைப் பார்த்து ஒப்புவிப்பவருக்கு முழுப்புள்ளி கிடைக்கும்.

இப்படி வேவு பார்ப்பதைப் பற்றியதுதான் திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல். ஒருவர் கொண்டுவந்த செய்தியை இன்னொருவரைக்கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறார். ஒரே ஆளிடம் அறுபது கேள்வி கேட்பதைவிட, மூன்று பேரிடம் ஒரேயொரு கேள்வி கேட்பது மேல்: “உங்கள் சொந்தக் காசோடு அந்தக் கடைக்குத் திரும்பவும் போவீர்களா?”