பாட்டிலும் பிறர் ஹக் உண்டு



நிறுவையில் பத்துக் கிராம் குறைந்தாலும் ஹராம் என்று நாம் அஞ்சுகிறோம். ஆனால் ஒருவர் சொந்தக் காசில் பாடிப் பதிந்து வெளியிட்ட பாட்டைப் பென்டிரைவில் ஏற்றி விற்கும் சிலர், "அவர் பாட்டு அவரிடமே இருக்கிறதே, எதை எடுத்தோம்?" என்கின்றனர். சரக்கை விற்றவன் கடையையும் விற்றதாகுமா? வாங்கியவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. பிரதி எடுத்து விற்கும் உரிமை இல்லை.

மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ஆயுள் முழுதும், அதன்பின் 50 ஆண்டும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனியே 50 ஆண்டு. எங்கும் போய்ப் பதிவு செய்யாமலே இவ்வுரிமை கிடைக்கும். 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், இத்தகைய உரிமையை மீறுவது ஷரீஅத்தில் ஆகாதென்று தீர்மானித்தது.

பாடகருக்கும் ஒரு சொல். சினிமா மெட்டில் தீன் பாட்டுப் பாடி விற்பதானாலும் மெட்டுக்குரியவரின் சம்மதம் வேண்டும். நிய்யத் நல்லது என்பதால் பிறர் ஹக் நமதாகிவிடாது.

கூலிமிலோ சுங்கை பட்டாணியிலோ தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பாட்டு வெளியிட்டால், விலை கொடுத்தே வாங்குவோம். அல்லாஹ் நமக்குத் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.