விரிப்பின் மறுமுனை

வெளியூர் போகிறவர்களுக்கு இப்போது ஒரு புது ஆசை பிடித்திருக்கிறது. பார்த்தால் பயணி என்று தெரியக் கூடாதாம். உள்ளூர்க்காரரைப் போலச் சுற்ற வேண்டுமாம். எனக்கும் அந்த ஆசை தொற்றியது. ஒரு ஜூன் மாதம் வேலை விஷயமாகப் பத்து நாள் ஹெல்சிங்கியில் தங்கினேன். அங்கே ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தே முக்கால் ஆகிவிடும். வேலை முடிந்த பிறகும் முழுசாக ஒரு பகல் கையில் மிச்சமிருக்கும்.

முதல் சில நாட்கள் நடித்தே கழிந்தன. ட்ராமில் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தேன். ஹாக்கானியெமி சந்தையில் லவங்கப்பட்டை ரொட்டி ஒன்று வாங்கினேன். அதன் பெயர் கொர்வாபூஸ்தி. காதோடு விடுகிற அறை என்று பொருள். தங்கிய அறையில் பத்துத் தடவை சொல்லிப் பழகிய பெயரைக் கடையில் தைரியமாகச் சொன்னேன். கடைக்காரப் பெண் ஆங்கிலத்தில் விலை சொன்னார். கால்லியோ பகுதியில் 1928 முதல் விறகு எரித்து நடத்துகிற கொத்திஹார்யு சவுனா என்ற நீராவிக் குளியலறைக்கும் போனேன். உள்ளே வெந்துவிட்டு, துண்டோடு தெருவோரம் உட்கார்ந்து உடம்பை ஆற்றிக்கொள்வது அங்கே வழக்கம். நானும் உட்கார்ந்தேன். துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

சுவோமென்லின்னா படகில்தான் முதல் உறுத்தல். 1748-ல் ஸ்வீடன் ஆட்சியில் கட்டத் தொடங்கிய கடற்கோட்டை அது. இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கிற இடம் மட்டுமல்ல, சுமார் எண்ணூறு பேர் அந்தத் தீவுகளில் குடியிருக்கிறார்கள். ட்ராமுக்கு எடுத்த சீட்டே படகுக்கும் செல்லும். நாங்களெல்லாம் வெளியே காற்றில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றோம். உள்ளே சிலர் காலடியில் மளிகைப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. ஆகா, இதுதான் சூட்சுமம் என்று திரும்பி வருகையில் நானும் உள்ளே போய்க் கடலைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. அவர்களுக்கு வீட்டுக்குப் போய் உலை வைக்கிற நினைப்பு இருந்திருக்கும். எனக்கு என்ன இருந்தது? கடலைப் பார்க்கக் கூடாது என்ற ஒரு நினைப்புதான்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, கைவோபுயிஸ்தோ பூங்காவை ஒட்டிய கரையில் நடந்துகொண்டிருந்தேன். தண்ணீரோரம் ஒரு மரத்தளம். அதை மத்தோலைத்துரி என்கிறார்கள். விரிப்பு வெளுக்கும் துறை. பழைய சட்டை, போர்வைகளைக் கிழித்து நாடாவாக்கி நெய்த கந்தல் விரிப்பு பின்லாந்து வீடுகளில் சாதாரணம். பார்வைக்கு நம் ஜமுக்காளத்தின் தங்கை. வருஷத்துக்கு ஒருமுறை, கோடையில், அதைச் சுருட்டி எடுத்துவந்து மேஜையில் விரித்து, பைன் வாசனை அடிக்கிற சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். வீட்டில் சலவை இயந்திரம் உள்ளவர்களும் வருகிறார்கள்.

எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா தனியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று மீட்டர் நீளம். நனைந்தால் ஆள் கனம். என்னைப் பார்த்துப் பின்னிஷில் ஏதோ சொன்னார். நான் விழித்தேன். அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. ஈர விரிப்பின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு மறுமுனையைத் தூக்கினார். கரும்புச் சாறு பிழிகிற இயந்திரத்தைப் போல இரண்டு உருளை, ஒரு கைப்பிடி. அவர் சுற்ற, நான் இழுத்தேன். பிழிந்து வந்த தண்ணீர் முழுக்க என் ஷூவுக்குள் இறங்கியது. நடுவில் நிறுத்தி, விரிப்பில் ஒரு நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். தன் சட்டைக் காலரைத் தொட்டார். பிறகு இடுப்பளவில் கையை நீட்டி ஒரு சின்னப் பையனின் உயரம் காட்டினார். மகனோ பேரனோ, யாரோ போட்டுக் கிழித்த சட்டை. இருவருமாகத் தூக்கி மரச்சட்டத்தில் போட்டோம். "கீத்தோஸ்" என்றார். நன்றி, அவ்வளவுதான். எந்த ஊர், எத்தனை நாள், எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. அங்கே என்னிடம் கடைசிவரை பின்னிஷிலேயே பேசிய ஒரே ஆள் அவர்தான்.

இரவு பதினொன்றரைக்குத் தூறல் விழுந்தது. ஜன்னலை மூடப் போனவன், அடடா, விரிப்பு காய்ந்திருக்காதே என்று நின்றேன். அந்த ஊர் வானத்தை அதுவரை, படம் எடுக்க வெளிச்சம் போதுமா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். காயப் போட்டதை ஓரிரு நாள் அங்கேயே விட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம் என்று தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் அந்தத் துறை இல்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நீலக் கோட்டு விரிப்பு சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறு இரண்டு விரிப்புகள். காவலுக்கு ஒருவரும் இல்லை. அன்று பத்து நிமிடம் தாமதமாக வேலைக்குப் போனேன்.

பிறகு நல்ல வெயில் அடித்தது. மறுநாள் மாலை போனபோது சட்டம் காலியாக இருந்தது.