ஆரூடமும் அறமும்

உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டி நெருங்கும்போதெல்லாம் ஒருவகை எழுத்துப் பெருகுகின்றது. பிரிவுச் சுற்றில் இன்ன அணியும் இன்ன அணியும் மோதவிருக்கின்றன. இன்னாருக்குக் காலில் காயம். கடந்த ஐந்து ஆட்டங்களில் போட்ட கோல்கள் இத்தனை. ஆகவே இந்த அணியின்மேற் பணம் கட்டுக. 2026 ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 அணிகள் 12 பிரிவுகளாக வகுக்கப்பட்டமையால், பிரிவுச் சுற்றில் மாத்திரம் 72 ஆட்டங்கள். ஆரூடத்துக்கும் 72 வாய்ப்புக்கள். திருநெல்வேலிச் சந்தியில் நிற்கும் மாணவனின் கைத்தொலைபேசிக்கும் இவ்வெழுத்து வந்து சேருகின்றது.

இதனைச் சூது என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் எளிது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், இதில் எது தீது, அத்தீதைச் செய்பவர் யார் என்ற வினாக்கள் அதனால் தீர்ந்துவிடவில்லை.

‘கமக்காரனும் சூதாடியே’ என்று வாதிடுவோர் உளர். திருநெல்வேலிச் செம்மண்ணில் வெங்காயம் நடுகிறவன் மழையையும் சந்தை விலையையும் நம்பித்தானே முதலிடுகிறான்? வாதம் கவர்ச்சியானது, ஆனால் பிழையானது. கமக்காரன் ஆபத்தைத் தேடிச் செல்லவில்லை. உழைப்பின் வழியில் அது அவனை எதிர்கொள்கிறது. விலை வீழ்ந்து அவன் நட்டப்பட்டாலும் வெங்காயம் யாரோ ஒருவரின் அடுப்புக்குப் போய்ச் சேருகின்றது. பந்தயத்திலோ ஆபத்தே சரக்கு. அங்கே எதுவும் விளைவதில்லை. ஒருவன் பையிலிருந்த பணம் இன்னொருவன் பைக்கு மாறுகிறது. இடையில் நிற்பவன் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான்.

அந்தப் பங்கு எவ்வாறு எடுக்கப்படுகின்றது என்பதைக் கணித ஆசிரியர் எவரும் கரும்பலகையில் காட்டலாம். ஓர் ஆட்டத்தில் முதல் அணி வென்றால் ரூபாவுக்கு 1.80, சமநிலையாயின் 3.50, மற்ற அணி வென்றால் 4.50 எனப் பந்தய விகிதம் தரப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இவ்விகிதங்கள் குறிக்கும் வாய்ப்புக்கள் முறையே நூற்றுக்கு 55.6, 28.6, 22.2. கூட்டினால் 106.4. நடக்கக்கூடியவை யாவும் சேர்ந்தாலும் நூற்றைத் தாண்ட முடியாதே. மிகுதி ஆறு எங்கிருந்து வந்தது? அதுதான் நிறுவனத்தின் பங்கு. மூன்று முடிவுகளின்மேலும் பணத்தைப் பகிர்ந்து கட்டுபவன் ஏறக்குறைய 106 ரூபா கொடுத்து 100 ரூபாவைத் திரும்பப் பெறுவான். 1654 இல் சூதாட்டம் பற்றிய ஒரு வினாவையொட்டிப் பஸ்காலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. அக்கணிதம் குற்றமற்றது. அதனை அறிந்தவன் அறியாதவனுக்கு எதிராகப் பயன்படுத்துவதே குற்றம்.

இங்கேதான் ஆரூடம் எழுதுபவன் நம் கவனத்துக்குரியவனாகிறான். அவனிடம் அறிவு இருக்கிறது, ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறான், எழுதவும் வல்லவன். அவ்வறிவுக்குக் கூலி தருபவர் யார்? ஆள் சேர்த்துக் கொடுப்போருக்குப் பந்தய நிறுவனங்கள் பல தரகு வழங்குகின்றன. தலைக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. சேர்க்கப்பட்டவன் இழக்கும் பணத்தில் இத்தனை வீதம் என்பது மற்றொரு முறை. நோயாளி குணமடையாதிருந்தாற் கூலி பெறும் வைத்தியனை நாம் வைத்தியன் என்போமா? மாணவன் தோற்றாற் சம்பளம் உயரும் ஆசிரியனை ஆசிரியன் என்போமா? ஆலோசனை கேட்பவனின் இழப்பிலிருந்து ஆலோசகன் வாழ்கின்றபோது, அவன் சொல்வது ஒவ்வொன்றும் உண்மையாயிருப்பினும் முழுமை பொய்யாகிவிடுகின்றது.

இரண்டாவது கேடு பார்வையாளனின் கண்ணுக்கு நேர்வது. 1982 இல் ஸ்பெயினில் நடந்த பிரிவுச் சுற்றில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2–1 என வென்றது. பிரிவின் கடைசி ஆட்டம் ஜூன் 25 அன்று கிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடையே நடந்தது. ஜேர்மனி ஒன்று அல்லது இரண்டு கோல்களால் வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் போட்டது. அதன்பின் இரு தரப்பும் பந்தை வீணே உருட்டிக்கொண்டிருந்தன. அரங்கம் கொதித்தது. அல்ஜீரியாவின் முறைப்பாடு ஏற்கப்படவில்லை. ஆனால் 1986 முதல் பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படலாயின.

அன்று கொதித்தவர்கள் கேட்டது முடிவையன்று, முயற்சியை. ஆட்டத்திடம் மனிதன் கேட்க உரிமையுள்ளதும் அதுவே. ஆனால் அன்று ஜேர்மனியின்மேற் பணம் கட்டியிருந்தவனுக்கு எக்குறையும் இல்லை. அவன் கணக்குச் சரியாகவே முடிந்தது. ஒரு வஞ்சனையின் முன்னிலையிலும் திருப்தியுடன் எழுந்து செல்லக்கூடியவனாக மனிதனை மாற்றிவிடுவது எதுவோ, அது அவன் பணத்தை மட்டும் பறிக்கவில்லை.

‘என் பணம், என் விருப்பம்’ என்பார்க்கும் விடை கூறவேண்டும். பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் தருமன் செய்த பெருந்தவறு தோற்றதன்று. தனக்குரியதல்லாததைப் பணயம் வைத்ததே. இன்று கட்டப்படும் ஆயிரம் ரூபாவிலும் தாயின் தையற்கூலி இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய உழைப்பு இருக்கலாம். தனி மனிதனின் பணம் என்று நாம் கூறுவதிற் பெரும்பகுதி பலரின் வியர்வை.

சட்டம் என்ன செய்கின்றது? இலங்கையின் 2019 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கச் சட்டம், ஆட்டத்தை விலைக்கு விற்கும் வீரனுக்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்கின்றது. நன்று. ஆயின் வீரனிடம் நேர்மையைக் கேட்கும் சமுதாயம், அவன் ஆட்டத்தை மூலப்பொருளாக்கி இலாபமீட்டும் நிறுவனத்திடம் பெரும்பாலும் வரியையே கேட்கின்றது.

இளைஞனைப் பழிப்பதால் இது தீராது. 2022 இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின், உழைத்தால் உயரலாம் என்ற நம்பிக்கை தளர்ந்த வீடுகள் பல. உழைப்பு நம்பிக்கை தராத இடத்தில் அதிர்ஷ்டம் நம்பிக்கை தருவதாக நடிக்கின்றது. அந்நடிப்பை வெல்ல உபதேசம் போதாது. உழைப்புக்கு உரிய ஊதியம் கிடைக்கும் ஒழுங்கு வேண்டும். அதற்காகப் போராடும்வரை காத்திராது இன்றே செய்யக்கூடியதும் உண்டு: மேலே காட்டிய அந்தக் கூட்டற்கணக்கை வகுப்பறையிற் செய்துகாட்டுவது. 106.4 என்ற எண்ணைத் தன் கையாற் கூட்டிக் கண்ட மாணவன், அடுத்த முறை ஆரூடம் வரும்போது யார் வெல்வார் என்று கேட்கமுன், இதைச் சொல்பவனுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேட்பான்.