வடத்தைப் பிடித்துக்கொண்டே ஜெபி

ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தியில் தேர் ஓடும் மூன்று நாளும் பாலக்காட்டுக்காரர்கள் வீட்டில் தங்குவதில்லை. நான் கிறிஸ்தவன், விசுவநாதர் கோயிலுக்குள் போய்த் தொழுகிறவன் இல்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்தே அக்கிரகாரத் தெருமுனையில் நின்று அந்தத் தேரைப் பார்த்து வருகிறேன். முன்னால் ஊரே வடம் பிடிக்கும். பின்னால் யானை நெற்றியைக் கொடுத்துத் தள்ளும். சக்கரம் முதலில் முனகும், அசையாது. கூட்டம் சத்தம் போட்டு இன்னொரு மூச்சு இழுக்கும். அப்புறம்தான் நகரும்.

ஒரு தேர் நாளில், அந்த நெரிசலுக்கு நடுவே, எங்கள் சபைத் தம்பி ஒருவன் என் காதருகே வந்து கேட்டான்: "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. ஆண்டவர் நெஜமாவே ஜெபத்தைக் கேக்கறாரா?"

பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிற பையன். சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வை மூன்று முறை எழுதிவிட்டான். மூன்று முறையும் ரேங்க் லிஸ்டில் பெயர் வரவில்லை. அவன் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம். ஞாயிறுதோறும் ஜெப விண்ணப்பச் சீட்டில் அவன் பெயர் வாசிக்கப்படுகிறது. முதல் வருஷம் அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது தலைகுனிந்து ஆமென் சொன்னவன், மூன்றாம் வருஷம் கூசிப்போய் வெளியே எழுந்து போக ஆரம்பித்துவிட்டான்.

மேளச் சத்தத்தில் அன்று என்னால் பேச முடியவில்லை. தம்பி, இதுதான் என் பதில். உன்னைப் போல் வாய்விட்டுக் கேட்க முடியாமல் மனசுக்குள் புழுங்குகிற எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

கேட்கிறார். இதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் நீ எந்த வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறாய் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு தபால்காரர் வருவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு பதிலைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாய். பதில் எப்போதும் அப்படி வருவதில்லை. அதற்கு உனக்குக் கொல்லிமலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இன்றைக்குக் கொல்லிமலைக்குப் பஸ் போகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வல்வில் ஓரி ஆண்ட மலை. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏற ஒற்றையடிப் பாதைதான். நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் போக வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து கீழ்நாட்டு ஆட்கள் அங்கே தங்கவே மாட்டார்கள். அந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இங்கிலாந்துக்காரர் போனார். 1913இல் ஈவ்லின் என்ற பெண்ணைத் திருமணம் செய்து, மலைமேல் மரவீடு கட்டிக் குடியேறினார். ஜெஸ்ஸி முழு மருத்துவர் இல்லை. மிஷனரிகளுக்குக் கொடுக்கிற குறுகிய மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றவர். இருவரும் ஒரே ஜெபம் வைத்திருந்தார்கள்: இந்த மலை மட்டும் போதாது, ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும்.

என்ன நடந்தது? பல வருஷங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மலை ஜனங்கள் மருந்து வாங்க வந்தார்கள். ஆண்டவரைப் பற்றிப் பேசினால் எழுந்து போனார்கள். மலைப் பூசாரி எதிர்த்து நின்றார். உன் மூன்று வருஷத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்.

அந்த வருஷங்களில் ஜெஸ்ஸி என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மலையில் நரம்புச் சிலந்தி நோய் இருந்தது. குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகிற கிருமி, ஏறக்குறைய ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, நூல் மாதிரி ஒரு புழுவாகக் காலில் கொப்புளம் கிளப்பி வெளியே வரும். நீளம் ஒரு மீட்டர்கூட இருக்கும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் கட்டிக் கால் வீங்கும். அதனால் ஒரு குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று நாள்கணக்கில் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி தரையில் உட்கார்ந்து அதைச் செய்தார். அவருடைய சின்ன மகன் பால் பக்கத்தில் நின்று பார்த்து அருவருத்தான்.

அதோடு அவர் விடவில்லை. கொப்புளத்தோடு கிணற்றுப் படியில் இறங்கிக் காலை நனைக்கிறவர்களால்தான் கிருமி தண்ணீருக்குப் போகிறது. அதனால் கிணறு தோண்டி, யாரும் உள்ளே இறங்க முடியாதபடி சுற்றிலும் கல்சுவர் எழுப்பினார். "ஆண்டவரே, இவர்களைச் சுகமாக்கும்" என்று காலையில் ஜெபித்த மனிதர், மதியம் மண்வெட்டியோடு நின்றார். அந்தக் கல்சுவர் ஜெபத்துக்குப் பதில்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். இந்தியாவில் நரம்புச் சிலந்தியின் கடைசி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000இல் உலக சுகாதார நிறுவனம் இந்த நாட்டில் அந்த நோய் ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. தடுப்பூசி கிடையாது, அதைக் கொல்லும் மருந்தும் கிடையாது. தண்ணீரை வடிகட்டியும் கிணற்றுக்குச் சுவர் வைத்தும் மனிதர்கள் தங்கள் கையால் ஒழித்த நோய் அது.

முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் உலகத்தையே அள்ளிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் ஏறியது. எதிர்த்து நின்ற அதே பூசாரி சாகக் கிடந்தார். சொந்த ஜனம் பயந்து ஒதுங்கியது. ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அந்த வீட்டுக்குள் போனார்கள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள். பூசாரி பிழைக்கவில்லை. சாகிறபோது தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். கதவு அன்றைக்குத்தான் திறந்தது. அதற்குப் பிறகுதான் மலை ஜனம் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டது.

அப்படியானால் எல்லாம் சுபமா? இல்லை. 1929இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சல் முற்றி இறந்தார். வயது 44. அடுத்த வருஷம் விடுப்பில் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று இருந்தார்கள். மகன் பால் லண்டனில் படித்துக்கொண்டிருந்தான், 15 வயது நிறையவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று தந்தி வந்தது. அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. தந்தி கம்பியில் போகிறது, கடிதம் கப்பலில் வருகிறது. மலையின் மரங்களைப் பற்றியும் சந்திக்கப்போகிற நாளைப் பற்றியும் அப்பா கைப்பட எழுதியது, அப்பா மண்ணுக்குள் போன பிறகு மகன் கையில் கிடைத்தது. அந்தப் பையன் எப்படி அந்த உறைகளைப் பிரித்திருப்பான் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இங்கே நிறுத்திவிட்டுக் கேள்: ஆண்டவர் கேட்டாரா?

இந்த இடத்தில் அவசரமாகப் பதில் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். என் அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தபோது, ஜெபிக்க வந்த ஒரு பிரசங்கியார் என் அம்மாவைப் பார்த்து, "உங்க வீட்டுல விசுவாசம் போதலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இறந்து இத்தனை வருஷமாகிறது; அம்மா அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் சுமக்கிறாள். நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: அது பொய். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே இந்தப் பாத்திரம் நீங்க வேண்டும் என்று கேட்டார், நீங்கவில்லை. பவுல் தன் முள்ளை எடுக்கும்படி மூன்று முறை கெஞ்சினான், எடுக்கப்படவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லையா?

நம் மலைகளையே பார். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள்மேல் மண் மூடியது. செத்தவர்கள் எழுபது பேர். செய்தி வெளியே எட்டுவதற்குள் விடிந்துவிட்டது. அன்று இரவு ஜெபம் பண்ணிப் படுத்தவர்களும் அந்த மண்ணுக்குள் போனார்கள். அவர்களுடைய ஜெபம் குறைவான ஜெபம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தச் சாவுக்குக் காரணம் தேட வேண்டியது பரலோகத்தில் இல்லை. சரிவுக்குக் கீழே, மழை கொட்டுகிற மலையில், தலைமுறை தலைமுறையாக லயத்துக்குள் ஜனங்களைக் குடிவைத்த ஏற்பாட்டில் தேட வேண்டும். அதே மூணாறில் 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். கொழுந்து கிள்ளித் தழும்பேறிய விரல்கள். கேட்டதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஜெபிக்கிற பெண்கள். ஜெபித்துவிட்டு ரோட்டுக்கு வந்தார்கள்.

கொல்லிமலைக்குத் திரும்புகிறேன், கதை முடியவில்லை.

மகன் பால் மருத்துவம் வேண்டாம் என்றுதான் இருந்தான். சின்ன வயதில் பார்த்த சீழும் புண்ணும் அவனை விரட்டியிருந்தன. கட்டடவேலை கற்றான், தச்சும் கொத்தும் பழகினான். பிறகு மனம் திரும்பி மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து, இறுக்கிப் பிடி என்றார். அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கு வலித்தது. செத்துப்போனது என்று உலகம் ஒதுக்கிய கைக்குள் உயிருள்ள தசை இருக்கிறது! அந்த ஒரு பிடியிலிருந்து தொடங்கியது, தசைநாணை இடம் மாற்றித் தைத்து மடங்கிய விரல்களை நிமிர்த்துகிற அறுவை சிகிச்சை. விரல் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் சுட்டும் வெட்டியும் தேய்ந்துபோகிறது என்று உலகத்துக்கு நிரூபித்தவரும் அவரே. கை நிமிர்ந்தவர்கள் திரும்பி வந்து, இந்தக் கையைப் பார்த்தால் யாரும் பிச்சை போடமாட்டேன் என்கிறார்கள் என்று முறையிட்டார்கள். உடனே அவர்களுக்குத் தச்சு கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் தொடங்கினார். ஜெபத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் வீணாய்ப் போனது என்று அவர் நினைத்திருக்கக்கூடிய தச்சுவேலை வருஷங்கள் அங்கே கைகொடுத்தன. தம்பி, நீ வீணாய்ப் போனதாக நினைக்கிற மூன்று வருஷத்தில் நீ படித்தது எதுவும் எங்கேயும் போய்விடவில்லை.

அம்மா ஈவ்லின்? கணவர் போன பிறகும் இந்தியாவுக்குத் திரும்பினார். எழுபதை நெருங்கியபோது வயதாகிவிட்டது என்று மிஷன் சபை தடுத்தது, மன்றாடி வந்தார். ஓய்வு கொடுத்து வழியனுப்பு விழா வைத்தார்கள். ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன் என்று அந்த விழாவிலேயே அறிவித்தார். இருவராய் ஜெபித்த அந்த ஐந்து மலை! மட்டக் குதிரையில் ஏறிப் போனார், விழுந்து எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி ஏறினார். தன் குடிலில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. 1974இல், 95 வயதில் இறக்கும்போது அந்த ஐந்து மலைகளிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. கணவருக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

1929இல் அந்தக் கல்லறைக்கு முன் நின்ற யாரும் ஆண்டவர் கேட்டார் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நீயும் உன் 1929இல் நிற்கிறாய். அவ்வளவுதான். கணக்கு முடிக்க உனக்கு அதிகாரம் இல்லை!

ஆகவே முழங்காலிலிருந்து எழுந்து வா. ஜெபத்தை விடு என்று சொல்லவில்லை. இன்னும் அழுத்தி ஜெபி. வியாதிக்கு ஜெபித்தால் மாத்திரையையும் போடு. ஜெபம் இருக்கிறது, மருந்து வேண்டாம் என்று சொல்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் பேச்சை வாசலோடு நிறுத்து. வேலைக்கு ஜெபித்தால் எந்தப் பாடத்தில் மார்க் போகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லித்தர ஆள் தேடு. கூட்டத்தில் உன் பெயர் வாசிக்கப்படும்போது வெளியே ஓடாதே. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர் பதினைந்து வருஷம் சர்க்கார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எப்படிப் படித்தேன் என்று சொல்லத் தயாராக இருக்கிறார். நீ எழுந்து போவதால் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஆண்டவர் உனக்கு அனுப்பிய பதில் மூன்றாவது பெஞ்சில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கக்கூடும்.

இந்த ஞாயிறு ஜெப விண்ணப்பச் சீட்டை எடு. முன்பக்கம் உன் விண்ணப்பத்தை எழுது, அம்மாவை எழுத விடாதே, உன் கையால் எழுது. எழுதியதும் சீட்டைத் திருப்பு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் நீ யாரைப் போய்ப் பார்க்கப்போகிறாய் என்று பின்பக்கத்தில் எழுதி, என்னிடம் கொண்டுவந்து காட்டு.