கேள்வித்தாளை உன் கையில் எடு!

உன் ஊரைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து வந்த ராபர்ட் ஹார்ட்கிரேவ், விருதுநகரும் சிவகாசியும் அடங்கிய இந்த வட்டாரத்தில் நாடார் சமூகம் எழுந்து நின்ற கதையை ஆராய்ந்து 1969இல் நூலாக்கினார். இங்கே தீப்பெட்டித் தொழிலில் கருகிய குழந்தைப் பருவத்தைப் பற்றி ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி 1983இல் எழுதினார். இன்னும் யார் யாரோ கேமராவோடும் கேள்வித்தாளோடும் வந்தார்கள்; போனார்கள்.

நீ என்ன செய்தாய்? திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னாய். போதும் தம்பி! போதும் தங்கையே! இனி நீ கேள்!

"அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறார். அப்பா வெடி ஆபீசில் மருந்து செலுத்துகிறார். வேறு எதுவும் கிடைக்காமல் சமூகவியல் படிக்கிறேன். எனக்கு எதற்கு ஆராய்ச்சி?" என்கிறாயா? நிமிர்ந்து உட்கார். லட்சம் லட்சமாய்ச் செலவழித்து வருகிற ஆய்வாளர் மாதக்கணக்கில் தங்கியும் கற்றுக்கொள்ள முடியாததை நீ பத்து வயதிலேயே கற்றுவிட்டாய். உனக்குக் குறைவது ஆய்வு முறை ஒன்றுதான். முறையைப் படித்துக்கொள்ளலாம்.

மாணவர்கள் தொடங்கி வைத்த வேலை

1916ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களை ஆராய்ந்து வரச் சொன்னார். நிலம் யாரிடம்? கூலி எவ்வளவு? கடன் எங்கே வாங்குகிறார்கள்? மாணவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அந்த அறிக்கைகள் 1918இல் நூலாயின. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று வடமலைபுரம். ஆம், நம் சிவகாசிப் பக்கத்து வடமலைபுரம்தான்! 1930களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பி வந்து, எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டார்கள். ஒரே ஊரைக் காலம் விட்டுக் காலம் அளக்கிற அந்த நெடுங்கால ஆய்வுக்கு அடிக்கல் நாட்டியவர்கள் உன்னைப் போன்ற மாணவர்கள்!

தலையெழுத்தைக் கேள்வியாக்கு

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிப் பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "விதி" என்றார்கள் பலர். ஒரு வீட்டில் ஒரு சாவு என்றால் அது அந்த வீட்டின் துயரம். ஆண்டுதோறும் ஒரே வட்டாரத்தில், ஒரே தொழிலில் சாவு விழுந்தால் அது சமூகத்தின் பிரச்சினை. சொந்தத் துயரத்துக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் காண்பதுதான் சமூகவியல் பார்வை என்றார் சமூகவியல் அறிஞர் சி. ரைட் மில்ஸ், 1959இல்.

நீயும் பார். "தீபாவளி நெருங்க நெருங்க விபத்து கூடுகிறது" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டா? அதை அப்படியே நம்பாதே. அப்படியே தள்ளவும் செய்யாதே. அதைக் கருதுகோளாக்கு. பத்து ஆண்டுச் செய்தித்தாள்களைப் புரட்டு. மாதவாரியாக எண்ணு. கோடை வெயிலையும் கணக்கில் சேர். எந்த மாதத்தில் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்றும் பார். உன் எண்ணம் பொய் என்று கணக்கு சொன்னால், அதையும் துணிந்து எழுது! தான் நம்பியது தவறென்று தெரிந்தும் தளராமல் நிற்பவனே தன்னம்பிக்கை உள்ளவன்.

கேட்கத் தெரிந்து கேள்

"வேலைக்குப் போறீங்களா அக்கா?" என்று கேட்டால், "இல்லப்பா, சும்மா வீட்டுலதான் இருக்கேன்" என்பார். கை மட்டும் நிற்காமல் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். உன் கேள்வி தவறினால் அந்த உழைப்பு முழுவதும் கணக்கிலிருந்து காணாமல் போகும். எது வேலை என்பதை முதலில் வரையறு. பிறகு, "நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேள்.

யாரைக் கேட்கிறாய் என்பதும் முக்கியம். டீக்கடையில் மட்டும் கேட்டால் ஆண்களின் குரல்தான் கிடைக்கும். பஸ் போகிற ஊரை மட்டும் பார்த்தால் உள்ளே இருக்கிற ஊர் விடுபடும். எல்லாத் தெருவுக்கும் போ, காலனிக்கும் போ. வீட்டுப் பட்டியல் எழுதிக் குலுக்கி எடு. போர்மேன் பக்கத்தில் நிற்கும்போது கூலியைப் பற்றிக் கேட்காதே. பயம்தான் பதில் சொல்லும். வாய் சொன்னதைக் கூலிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் உன் கையில் இருக்கிறது. அரசு ஆவணத்தைக் கேட்டு வாங்கு.

ஒன்றை மட்டும் மறக்காதே. சொன்னவரின் சம்மதம் இல்லாமல் எதையும் எழுதாதே. அவர் பெயரை வெளியிடாதே. உன் அறிக்கையால் ஒருவருக்கு வேலை போனால் அது ஆராய்ச்சி அல்ல, துரோகம்.

எண்ணியவர்கள் மாற்றினார்கள்

எண்ணி என்ன ஆகப்போகிறது என்கிறாயா? சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற அதே தீர்ப்பு, குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்பை ஆறு மாதத்துக்குள் முடிக்கவும் சொன்னது. எண்ணப்படாத குழந்தைக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது!

உழைத்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று அஞ்சுகிறாயா? சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராமபுரா கிராமத்தில் தங்கி ஆராய்ந்தவர். ஆண்டுக்கணக்கில் தொகுத்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் வைக்கப்பட்ட தீயில் எரிந்தன. அவர் ஓய்ந்தாரா? நினைவிலிருந்தே எழுதினார். 1976இல் வெளியான அந்த நூல் இந்தியச் சமூகவியலில் இன்றும் பேசப்படுகிறது. காகிதம் எரியும், கண்ணால் கண்டு மனத்தில் பதித்தது எரியாது!

எழு! இந்த ஞாயிற்றுக்கிழமை உன் தெருவில் பத்து வீடுகளைத் தேர்ந்தெடு. என்ன வேலை, என்ன கூலி, எவ்வளவு அட்வான்ஸ் கடன்? இந்த மூன்றையும் மரியாதையோடு கேள். கேட்டதைக் கேட்டபடி எழுது. அடுத்த வாரம் இன்னொரு தெரு. ஆண்டு முடிவில் எந்த அதிகாரியின் மேசையிலும் இல்லாத ஓர் அறிக்கை உன்னிடம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போ. "எங்க ஊரைப் பற்றி எனக்குத் தெரியும். இதோ ஆதாரம்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்!