புறக்கணித்தலும் பொறுப்பும்

பௌதிகவியலைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதன்முதல் எதிர்கொள்ளும் வினாக்களிற் பெரும்பாலானவை ஒரு சிறு தொடரைத் தாங்கி நிற்கின்றன: ‘உராய்வைப் புறக்கணிக்க.’ வளித்தடை, இழையின் திணிவு, கப்பியின் திணிவு என்பனவும் இவ்வாறே ஒதுக்கப்படுகின்றன. உலகில் எங்கும் காணவியலாத ஒப்பமான தளமொன்றிலே பருமனற்ற துணிக்கையொன்று வழுக்கிச் செல்கின்றது. நியூற்றனின் இரண்டாம் விதியைப் பிரயோகித்து மாணவர் அதன் ஆர்முடுகலைக் காண்கின்றனர், புள்ளியும் பெறுகின்றனர். இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. உள்ளதை இல்லாததாகக் கொள்ளுதல் பொய்யன்றோ? அன்றெனின், அதனைப் பொய்யினின்றும் வேறுபடுத்துவது யாது?

கலிலியோ 1638இல் வெளியிட்ட ‘இரு புதிய அறிவியல்கள்’ என்னும் நூலிலேயே இச்சிக்கல் பேசப்படுகின்றது. எறியப்பட்ட பொருளின் பாதை பரவளைவு என நிறுவிய அவர், வளியின் தடை அப்பாதையைக் குலைக்கும் என்பதை மறைத்தாரல்லர். எண்ணிறந்த தடைகளை ஒரு விதியுள் அடக்கவியலாது. ஆதலின் அவற்றை நீக்கி விதியைக் கண்டு, அனுபவம் காட்டும் எல்லைக்குள் அதனைப் பயன்படுத்துக என்பதே அவர் நிலைப்பாடு. இதனுள் இரு கடமைகள் அடங்கியுள. ஒன்று, நீக்கியதை வெளிப்படையாகக் கூறுதல். மற்றையது, பயன்படுத்துமிடத்து அதனை மீண்டும் கணக்கிற் சேர்த்தல். வகுப்பறையில் முதலாவது நிறைவேறுகின்றது. இரண்டாவது பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

சாய்தளமொன்றில் ஓய்விலிருக்கும் குற்றியை எடுத்துக்கொள்வோம். நிறையின் ஒரு கூறு அதனைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. உராய்வு தடுத்து நிறுத்துகின்றது. சாய்வுக் கோணத்தின் தான்சன் உராய்வுக் குணகத்தை விஞ்சும்போது குற்றி வழுக்கும். திணிவு சமன்பாட்டின் இருபுறத்தும் நீங்கிவிடுதலின், கூழாங்கல்லுக்கும் குன்றுக்கும் விதி ஒன்றே. குணகம் 0.6 எனின் ஏறத்தாழ 31 பாகை வரை குற்றி நிலைத்து நிற்கும். 25 பாகைச் சரிவில் அச்சத்துக்கு இடமில்லை.

ஆயின், இச்சரிவு மண்ணாலானது, அதன்மீது விடாமழை பெய்கின்றது எனக் கொள்வோம். மண்ணின் இடைவெளிகளில் நிறையும் நீர், மேலுள்ள பாரத்தின் ஒரு பகுதியைத் தானே தாங்குகின்றது. அவ்வளவுக்கு மண்துணிக்கைகள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைகின்றது, உராய்வும் குறைகின்றது. கார்ல் ரெசாகி 1920களில் தெளிவுறுத்திய உண்மை இது. செவ்வன் விசையின் நாலிலொரு பங்கை நீர் தாங்குமாயின், 0.6 என்னும் குணகம் 0.45 ஆகக் குறைந்ததற்கு ஒப்பாகும். 25 பாகையின் தான்சனோ 0.466. சரிவு நகரும். மண்ணின் ஒட்டற்பண்பை இக்கணக்கில் ஒதுக்கியுள்ளோம். மெய்யான சரிவொன்றை ஆராய்வோர் அதனையும் சேர்த்தல் வேண்டும்.

இது வெறும் பயிற்சிக் கணக்கன்று. 2016 மே 17ஆம் நாள், பெருமழையின்போது, கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயக்குடியிருப்பின்மீது மலைச்சரிவு வீழ்ந்தது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து குடிமனைகளை மூடிற்று. மழைநீர் உராய்வைக் குறைக்கும் என்பது அன்று எவரும் அறியாத உண்மையன்று. அறிந்த விதி அங்கு வாழ்ந்தோரின் காப்பாக மாறவில்லை என்பதே எமது சிந்தனைக்குரியது.

தோட்டங்களில் லயங்களுக்கு இடம் தெரிந்தோர் அவற்றில் வாழ்ந்தோரல்லர். கொழுந்தும் பாலும் தரும் நிலம் கணக்கிற் சேர்ந்தது. லயத்தின் பின்னாலுள்ள சரிவு ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதை எவரும் அறிவிக்கவில்லை, திரும்பிவந்து சேர்க்கவுமில்லை. 1992இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றபோதும், லயங்களில் வாழ்ந்தோர் தாம் வாழும் நிலத்துக்கு உரியவராகவில்லை.

இன்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைவீழ்ச்சியை அளந்து எச்சரிக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடப்பின் விழிப்பு. 100ஐக் கடப்பின் எச்சரிக்கை. 150ஐக் கடப்பின் வெளியேற்றம். உயிர் காக்கும் அளவுகோல் இது, ஐயமில்லை. எனினும் இதுவும் ஒரு சூத்திரமே. தூர்ந்த வடிகாலையும் வீட்டுக்காக வெட்டிய மண்சுவரையும் இது தனித்தனி அறியாது. ‘வெளியேறுக’ என்னும் விடை, செல்வதற்கோர் இடமுண்டு என்பதையும் எடுகோளாகக் கொண்டுள்ளது. சொந்தக் காணியற்ற குடும்பத்துக்கு அவ்வெடுகோள் பொருந்துமா?

எல்லாவற்றையும் சேர்த்தே கணிப்பேன் என்பவர் எதனையும் கணிக்கமாட்டார் என்பது மெய்யே. புறக்கணித்தலின்றி அறிவியல் இல்லை. ஆயினும், ஒதுக்கிய பொருள் உராய்வாயின் விடை சிறிது பிழைக்கும். ஒதுக்கியோர் மனிதராயின் அப்பிழையை அவர்களே சுமக்க நேரும். எனவே எமது வகுப்பறைகளில் ஒவ்வொரு கணக்கின் ஈற்றிலும் இன்னுமொரு வினா கேட்கப்படுதல் நன்று: ‘இவ்விடையில் நாம் எதனை ஒதுக்கினோம், எவ்விடத்து அதனை ஒதுக்கலாகாது?’ அதற்கு விடை கூறப் பழகிய மாணவர் பொறியியலாளராயினும் நிருவாகியாயினும், தாம் ஒதுக்கியவற்றைக் கணக்கிற் சேர்க்கத் திரும்பிவருவர்.